மாப்ளே, முதலில் பக்கத்தோற்றத்தை வரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பிளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி மௌனவிரதம். எனக்கு முதுகுவலி விட்டபாடில்லை. நாற்காலியை மாற்று என்கிறார் டாக்டர், வேலையை மாற்று என்கிறாள் மனைவி.

சரி, உன் லேப் விஷயம். மாணவர்கள் கம்ப்யூட்டரில் போட்ட கான்டிலீவர் பீம் (ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்த தண்டு) கைக்கணக்கைவிடக் குறைவாகவே வளைகிறது என்று எழுதியிருந்தாய். 200 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 10 உயரம், நுனியில் 100 நியூட்டன். யங் மாடுலஸ் 200 கிகாபாஸ்கல் என்று வைத்தால் பாடப்புத்தகச் சூத்திரம் நுனி 0.8 மில்லிமீட்டர் இறங்கும் என்கிறது. சூத்திரத்திலும் பிழையில்லை, கணக்குப் போடும் கால்குலிக்ஸ் மென்பொருளிலும் பிழையில்லை. உருவத்தைச் சின்னத் துண்டுகளாக, அதாவது எலிமென்ட்டுகளாகப் பிரிக்கும் மெஷ் வேலையை ஆட்டோவில் விட்டிருப்பார்கள், அது உள்ளே முழுக்க நாலு நோட் (கணக்குப் புள்ளி) கொண்ட டெட்ராவை, அதாவது நான்முகித் துண்டுகளை நிரப்பியிருக்கும். அந்த எலிமென்ட்டுக்குள் ஸ்ட்ரெயின் (எவ்வளவு இழுபடுகிறது, அமுங்குகிறது என்ற அளவு) எல்லா இடத்திலும் ஒன்றுதான். வளையும் பீமிலோ ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் அமுங்குகிறது. பத்து மில்லிமீட்டர் உயரத்துக்குள் நடக்கும் இந்த மாற்றத்தை அப்படிப்பட்ட ஒன்றிரண்டு துண்டுகளால் காட்ட முடியாது. அதனால் பீம் விறைத்துக்கொள்கிறது.

இதற்கு எக்ஸ்ட்ரூட்தான் வழி. தட்டையாக ஒரு முகத்தில் நாற்கோண மெஷ் போட்டு, அதை ஒரு திசையில் அடுக்கடுக்காக இழுத்தால், ஒவ்வொரு நாற்கோணமும் எட்டு நோட் ஹெக்ஸா, அதாவது செங்கல் போன்ற துண்டு ஆகிவிடும். முக்கோணத்தை இழுத்தால் ஆறு நோட் ஆப்பு. பிள்ளைகளுக்கு இது ஒரு மென்பொருள் வசதியாக மட்டும் தெரியும். என் கணக்கில், மாடலிங் யோசனையில் பாதி இங்கேதான் இருக்கிறது: எந்த முகத்தை வரைவது, எந்தத் திசையில் இழுப்பது?

உன் அடுத்த பயிற்சி எல் வடிவ பிராக்கெட் என்றாயே, அதையே எடுத்துக்கொள். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் எல் தெரியும், மூலையை உருட்டிய வளைவான ஃபில்லெட்டும் தெரியும். ஸ்ட்ரெஸ் துள்ளுவது அந்த ஃபில்லெட்டில். அகலவாக்கில் அது மெதுவாகத்தான் மாறும். ஆகவே பக்கத்தோற்றத்தை வரைந்து, ஃபில்லெட்டைச் சுற்றி உன் பொறுமை எல்லாவற்றையும் காட்டி நாற்கோணங்களைப் போட்டு, அகலவாக்கில் சில அடுக்குகள் இழு. மேல்தோற்றத்தை வரைந்து உயரவாக்கில் இழுக்கப் போனால் அந்த ஃபில்லெட் வரவே வராது.

மெஷ் போடும் மென்பொருளான ஜிமெஷில் செய்யும்போது, முக்கோணங்களைச் சேர்த்து நாற்கோணமாக்கும் ரீகம்பைன் என்பதை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும். அடித்தள முகத்துக்கு ஒருமுறை, எக்ஸ்ட்ரூட் கட்டளைக்குள் இன்னொரு முறை. உள்ளே மட்டும் சொன்னால் அடியில் முக்கோணம் இருக்கும், மேலே ஆப்பு எழும்பும். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு மென்பொருளில் பக் என்பார்கள். லேயர்ஸ் பட்டியலில் அடுக்கு எண்ணிக்கையோடு உயரத்தையும் கொடுக்கலாம். ஆனால் அது தனித்தனி உயரம் இல்லை, கீழிருந்து கூட்டிக்கொண்டே போகும் விகிதம். 0.25 வரை நாலு, 1 வரை இரண்டு என்றால் முதல் கால்பாகம் நெருக்கமாகவும் மீதி விலகலாகவும் வரும்.

ஃபைலை வெளியே எழுதும்போது இன்னொரு தொல்லை. இழுப்பதற்கு விதையாக இருந்த தட்டை எலிமென்ட்டுகளும் கூடவே வந்து உட்காரும். அப்படியே சால்வ் செய்தால் அந்த முகத்தில் இல்லாத விறைப்பு சேரும். ஃபிஸிக்கல் வால்யூம், அதாவது கன எலிமென்ட்டுகளின் குழு ஒன்றை வரையறுத்துவிட்டால் ஜிமெஷ் அந்தக் குழுவில் இருப்பதை மட்டும்தான் எழுதும். எங்கள் ஆபீஸ் மென்பொருளிலும் இதே கதைதான்: இழுத்து முடித்ததும் பழைய ஷெல்லை (அந்தத் தட்டை எலிமென்ட்டுகளை) அழிக்கணும், தொட்டுக்கொண்டிருக்கும் நோட்களை மெர்ஜ் செய்து ஒன்றாக்கணும். இல்லாவிட்டால் பார்வைக்கு ஒட்டியிருக்கும் இரண்டு துண்டுகள் லோடு போட்டதும் பிரிந்து போகும்.

ஹெக்ஸா வந்துவிட்டது என்று ஆடவும் வேண்டாம். எட்டு நோட் சாதா ஹெக்ஸா வளைவில் தானும் விறைக்கும். ரெட்யூஸ்டு இன்டக்ரேஷனில் (எலிமென்ட்டுக்குள் குறைந்த இடங்களில் மட்டும் கணக்கிடும் முறை) போட்டு உயரத்தில் ஒரே அடுக்கு வைத்தால், நேர்மாறாகத் தொளதொளத்துப் போகும். பீமுக்கு கால்குலிக்ஸின் சி3டி8ஐ (வளைவுக்கென்று திருத்திய எட்டு நோட் ஹெக்ஸா) அல்லது சி3டி20ஆர் (இருபது நோட் ஹெக்ஸா) கொடுத்துப் பார், 0.8 பக்கத்தில் வந்து நிற்கும். இருபது நோட் வேண்டுமானால் ஜிமெஷில் செகண்ட் ஆர்டர் இன்கம்ப்ளீட் என்பதை 1 ஆக்கணும். விட்டால் இருபத்தேழு நோட் தரும்.

இப்போது பிராக்கெட்டின் அடித்தட்டில் போல்ட் துளை இருக்குமே என்று கேட்பாய். அங்கேதான் சிக்கல். துளை மேலிருந்து கீழே போகிறது, நாம் இழுப்பதோ அகலவாக்கில். ஒரே இழுப்பில் இரண்டும் வராது. அடித்தட்டின் துளைப் பகுதியைத் தனியாக வெட்டி, மேல்தோற்றத்தை வரைந்து உயரவாக்கில் இழுத்து, ஃபில்லெட்டிலிருந்து தள்ளிய இடத்தில் டை (இரண்டு முகங்களை ஒட்டவைக்கும் கட்டளை) கொடுத்துச் சேர்க்கலாம். முழு ஹெக்ஸா வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காவிட்டால், மொத்தத்தையும் பத்து நோட் டெட்ராவில் போட்டுவிடலாம். அது கௌரவமான எலிமென்ட். ஹெக்ஸா வெறியில் இரண்டு நாளைத் தொலைக்கும் இளம் பொறியாளர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

எந்த உருவத்தைக் கொடுத்தாலும் தானாக ஹெக்ஸாவால் நிரப்பும் நம்பகமான வழி இன்னும் யாரிடமும் இல்லை, தெரியுமா? ஷ்னைடர்ஸ் என்பவர் 1990களில் ஒரு சின்னப் பிரமிடைக் காட்டினார். வெளிப்பரப்பில் வெறும் 16 நாற்கோணம். அந்தப் பரப்பு மாறாமல் உள்ளே ஹெக்ஸாவை நிரப்பு, அவ்வளவுதான் கேள்வி. 2018இல்தான் அதை வெறும் 36 எலிமென்ட்டில் முடித்துக் காட்டும் தீர்வு வெளிவந்தது; முன்பு வந்தவை அதைவிடப் பெரியவை. உன் கடைசி பெஞ்சு ஆசாமிகளுக்கு இதைக் கொடுத்துப் பார், ஒரு வாரம் கிளாஸ் அமைதியாக இருக்கும்.

பீம் விடை 0.8க்கு வராவிட்டால் ஃபைலை அனுப்பு, பார்க்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அம்மாவை வெயிலில் கண்ணாடி இல்லாமல் வெளியே விடாதே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்