செயலாளரின் ஆண்டறிக்கை: எண்ணெய் குடிக்கும் கார்களும் நமது கடமையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செந்தூல் வட்டாரக் கார்ப் பட்டறைத் தொழிலைச் சேர்ந்த சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விருந்து, தைப்பூசத்தில் பத்துமலை செல்வோருக்கான மோர்ப் பந்தல், தீபாவளி அன்பளிப்பு ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன. இரண்டு செயற்குழுக் கூட்டங்கள் போதிய வருகையின்றி ஒத்திவைக்கப்பட்டன.

வாடகை நிறுவனங்கள் ஓட்டிக் கழித்த கார்களை வாங்கியவர்கள், எஞ்சின் எண்ணெய் குறைகிறது என்று தொடர்ந்து முறையிட்டதால், ஞாயிறு காலை இலவசச் சோதனையைத் தொடங்கினேன். இக்கார்களின் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. விமான நிலையத்திலும் ஹோட்டல் வாசலிலும் ஏர்கோனை ஓடவிட்டு நிற்கும் நேரம் மீட்டரில் ஏறுவதில்லை. எண்ணெயோ அந்நேரமெல்லாம் எஞ்சினுக்குள் வெந்துகொண்டிருக்கிறது. பலர் மாறி மாறி ஓட்டும் காரில் அளவுக்குச்சியை இழுத்துப் பார்ப்பவர் எவருமில்லை. மாற்றும் தவணை தள்ளிப்போகப் போக, சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயை வழித்தெடுக்கும் பிஸ்டனின் எண்ணெய் வளையத்துக்குப் பின்னுள்ள சிறு துளைகளைக் கரி அடைத்து, வளையம் பள்ளத்திலேயே இறுகிவிடுகிறது. வழித்தெடுக்கப்படாத எண்ணெய் சிலிண்டர் சுவரில் தங்கி எரிந்துபோகிறது.

ஆனால் எல்லாக் காருக்கும் இதுவே காரணமன்று. இ-ஹெய்லிங் (கைப்பேசிச் செயலிவழி அழைக்கும் வாடகைக் கார்) ஓட்டும் தம்பி ஒருவரிடம் எஞ்சினையே இறக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் கூறியிருந்தனர். குச்சியின் நுனியில்கூட எண்ணெய் இல்லை; அடியில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவைக் காற்றுக் குழாய்ப் பக்கம் திருப்பிவிடும் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். கடகடவென்று கேட்க வேண்டிய ஓசை எழவில்லை; வால்வு இறுகியிருந்தது. காற்றுக் குழாயின் உட்புறம் எண்ணெயால் நனைந்திருந்தது; வால்வு வழியே எண்ணெய் உறிஞ்சப்பட்டு எரிந்திருக்கிறது. புதிய வால்வு பொருத்தி, மேல்கோடு வரை எண்ணெய் நிரப்பி அனுப்பினேன். 1,000 கிலோமீட்டர் ஓடித் திரும்பியபோது அளவு மிகச் சிறிதே இறங்கியிருந்தது.

காலையில் முதலில் கிளப்பும்போது நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு சீலையும் (வால்வுத் தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ரப்பர்), முடுக்கும்போது வந்தால் வளையத்தையும் ஐயுற வேண்டும். எண்ணெய் வளையம் மட்டும் இறுகியிருந்தால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் அளவு சரியாகவே காட்டக்கூடும் என்பதை இளையோர் மறக்கலாகாது. 5டபிள்யூ-30 என்னும் மெல்லிய எண்ணெய் ஊற்ற வேண்டிய எஞ்சினில் 20டபிள்யூ-50 என்னும் தடித்த எண்ணெயை ஊற்றி அனுப்புவது நோயை மறைப்பதே. விற்பவருக்கு அது உதவலாம், வாங்கியவருக்கு உதவாது.

இப்பணிக்கு முறைவைத்துப் பெயர் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் ஒரு ஞாயிறுகூட வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். தத்தம் வாடிக்கையாளர்களை அனுப்பிவைத்தவர்கள், தாமும் வந்து ஒரு கை கொடுத்திருக்கலாம். இறுதிவரை பெரும்பாலும் நானும் என் பட்டறைப் பையன்கள் இருவருமே நின்றோம்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வைப்பார். மண்டப வாடகை, பந்தல் செலவு போக, கையிருப்பு சென்ற ஆண்டினும் குறைவு. சந்தா நிலுவையே முதற்காரணம். ஒத்துழைத்த தலைவருக்கும் செயற்குழுவினருக்கும், மோர்ப் பந்தலில் உழைத்த மகளிர்க்கும் நன்றி.

வரும் ஆண்டில், பிளக் துளை வழியே சிலிண்டரைப் பார்க்கும் கேமராவும் சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கசிவை அளக்கும் காற்றுக்கசிவு அளவியும் சங்கத்துக்கெனத் தேவை. இதுவரை என் சொந்தக் கருவிகளையே பயன்படுத்தினேன், அவை தேய்ந்துவிட்டன. நிலுவை வந்து சேர்ந்தால் வேறு நன்கொடை கேட்க வேண்டியிராது. ரசீதுப் புத்தகம் இக்கூட்டம் முடியும்வரை பொருளாளரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்