கடலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்: ஒரு அங்கன்வாடியையாவது இந்த ஊருக்கேற்பக் கட்டுங்கள்

மதிப்புக்குரிய மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் கடலூரில் சிறிய கட்டடக்கலை அலுவலகம் நடத்துகிறோம். மண், சுண்ணாம்பு, நிழல், காற்று இவற்றை நம்பி வீடுகளும் வகுப்பறைகளும் வரைகிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நகரில் அடுத்து எழும் அங்கன்வாடிகளில் ஒன்றையாவது, எல்லா இடத்துக்கும் பொதுவான வரைபடத்தை வைத்துக் கட்டாமல், அந்த மனையைப் பார்த்து வரைந்து கட்டுங்கள்.

தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் ஊர் இது. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் கண்டவர்கள் நாம். தண்ணீர் வரத்தான் செய்யும்; அது போக வழி வேண்டும். ஆனால் தாழ்வான மனை என்றால் முதல் வேலையாக கிராவல் அடித்து மேடாக்குகிறோம். கட்டடம் தப்பித்துவிடும், தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குள் போகும். அடுத்த வருடம் அந்தத் தெருக்காரர் வாசலை உயர்த்துவார். அப்புறம் அவருக்கு அடுத்தவர். தரையைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டினால் தண்ணீர் அடியில் ஓடிப்போகும். வெயில் காலத்தில் அதே இடத்தில் பிள்ளைகள் நிழலில் விளையாடலாம்.

தானே புயலில் கூரை ஓடும் ஷீட்டும் பறந்ததைப் பார்த்த மக்கள் காங்கிரீட் தளத்தை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை நியாயமானது, தளம் இருக்கட்டும். ஆனால் பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் சாயங்காலம்வரை உள்ளே அனலைக் கக்கும். தளத்துக்குமேல் சுண்ணாம்பு பூசுங்கள், மேற்குச் சுவரை ஆழமான தாழ்வாரத்தால் மறையுங்கள், கடல்காற்று குறுக்காகப் போக எதிரெதிரே ஜன்னல் வையுங்கள். புதுச்சேரியில் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி காங்கிரீட்டில் கட்டியதுதான். நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். திறந்து மூடும் பட்டைகள் வழியே காற்று வரும். 1940-களிலிருந்து அது நம் பக்கத்திலேயே நிற்கிறது.

சுவருக்கு, சூளையில் சுடாத அழுத்திய மண் கல்லைக் கேட்கிறோம். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989 முதல் இதைக் கற்றுக்கொடுக்கிறது. சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்தால் போதும். தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலில் இது ஆகாது, மண்ணைச் சோதித்த பிறகே முடிவு செய்ய வேண்டும். கேப்பர் மலையை வெட்டி மண் எடுக்கவும் கூடாது. வெள்ளம் தொடும் உயரம்வரை கருங்கல்லோ சுட்ட செங்கல்லோதான் சரி. அரசின் விலைப்பட்டியலில் இல்லாத பொருளை மதிப்பீட்டில் சேர்ப்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தலைவலி என்பது தெரியும். அதனால்தான் ஒரே ஒரு கட்டடத்துக்குத் தீர்மானம் கேட்கிறோம்.

வரைவதற்கு முன் அங்கன்வாடி ஆசிரியரையும் உதவியாளரையும் தாய்மாரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். சமையல் புகை எந்தப் பக்கம் போகிறது, மதியம் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், மழை நாளில் எந்த மூலை ஒழுகுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பேச்சு நடக்காத திட்டம் எதுவும் எங்களுக்குத் திட்டமாகவே தெரியவில்லை.

வரைபடத்துக்கும் மேற்பார்வைக்கும் நாங்கள் கட்டணம் வாங்க மாட்டோம். மேஸ்திரிகளுக்கும் சித்தாள்களுக்கும் மண் கல் வேலையை நாங்களே பழக்கித் தருகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மனையைக் காட்டுங்கள். மழையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு வரையத் தொடங்குகிறோம்.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஒரு கட்டடக்கலைக் குழு