மெடல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நூலகங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் விட்டுப்போன ஒரு வகை நூலகத்தை, சாதாரணச் சிப்பாயின் கடிதங்களையும் நினைவுகளையும் காக்கும் நூலகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2017-ல் மகளைப் பார்க்க சிகாகோ போயிருந்தேன். மிச்சிகன் அவென்யூவில் ஒரு பழைய கட்டடத்தில் அப்போது பிரிட்ஸ்கர் ராணுவ அருங்காட்சியகமும் நூலகமும் இருந்தது. பீரங்கி, துப்பாக்கி எல்லாம் பார்க்கலாம் என்று போனால், அங்கே இருந்ததில் பெரும்பகுதி புத்தகமும் காகிதமும்தான். இல்லினாய் நேஷனல் கார்டில் கர்னலாக இருந்து ஓய்வுபெற்ற ஜெனிஃபர் பிரிட்ஸ்கர் 2003-ல் தொடங்கிய நூலகம் அது. ஹயாத் ஓட்டல் குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பணத்தை யாருக்காகச் செலவழித்தார் என்பதுதான் விஷயம். நேஷனல் கார்டில் இருப்பவர் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்ப்பார், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்குப் போவார், அழைப்பு வந்தால் சண்டைக்கும் போவார். 'சிட்டிசன் சோல்ஜர்' என்கிறார்கள். நூலகத்தின் மையமே அவர்தான். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தை வாங்கி வைக்கிறார்கள், உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள்.

பில் மால்டின் என்ற கார்ட்டூனிஸ்டின் படங்களும் அங்கே ஏராளம். இரண்டாம் உலகப் போரில் அவரே ஒரு சார்ஜென்ட். அவர் வரைந்த வில்லியும் ஜோவும் சவரம் செய்யாத முகமும் சேறு அப்பிய பூட்ஸுமாகத் தூக்கத்துக்கு ஏங்குகிறவர்கள். அமெரிக்கத் தளபதி ஜெனரல் பேட்டனுக்கு இது பொறுக்கவில்லை, மால்டினை நேரில் வரவழைத்துக் கண்டித்தார். அதே 1945-ல் மால்டினுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நானும் சிரித்துக்கொண்டே பார்த்தேன். நானும் பகுதிநேரச் சிப்பாயாக இருந்த ஒரு வில்லிதானே!

நம் ஊரில் இப்படிப்பட்ட பகுதிநேரப் படைக்குப் பெயர் டெரிடோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ. தோனி அந்தச் சீருடையில் நிற்கும் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1949 அக்டோபர் 9 அன்று அதன் முதல் முகாமைத் தொடங்கிவைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி. 1962, 1965, 1971 போர்களில் டி.ஏ. ஆட்களும் பணியாற்றினார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

என் சித்தப்பா கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். எழுபத்தொன்றில் அழைப்பு வந்து போனார். சித்திக்கு அவர் எழுதிய நாற்பது சொச்சம் இன்லண்ட் லெட்டர் என்னிடம் இருக்கிறது. எல்லாவற்றிலும் முகவரி '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலையத்தின் பெயர் மட்டும்தான், எந்த ஊரில் இருந்தார் என்று கண்டுபிடிக்க முடியாது. போரைப் பற்றி நான்கு வரி இருந்தால் அதிகம். சீட்டுப் பணம் கட்டியாச்சா, மாடு கன்று போட்டதா, போனஸ் அறிவித்தார்களா என்றே போகும். அப்புறம் கடிதம் தவறாமல் ஒரு கேள்வி: 'திரும்பி வந்தால் மில்லில் என் இடம் இருக்குமா, மேஸ்திரியைக் கேட்டுச் சொல்.' ரெகுலர் சிப்பாய்க்கு இந்தக் கவலை இருக்காது.

இவற்றை ஒரு அருங்காட்சியகத்தில் கொடுக்கப் போனேன். பேர் வேண்டாம். "மெடல், யூனிஃபார்ம் ஏதாவது இருக்குங்களா சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. இப்போது அந்துருண்டையோடு டிரங்க் பெட்டியில் கிடக்கின்றன.

கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸையும் அழைப்பிதழையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பைக் காப்பாற்ற முன்வந்தது அதே சிகாகோ நகரத்துப் பல்கலைக்கழகம்தான். 1994-ல் சென்னையில் அது நூலகமானது. அழைப்பிதழுக்கு இடம் உண்டென்றால் சிப்பாயின் கடிதத்துக்கு ஏன் இல்லை? புதுக் கட்டடம் கேட்கவில்லை. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு அறை, கூட ஒரு ஒலிப்பதிவுக் கருவி. மலேயாவில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்து நேதாஜி படையில் சேர்ந்தவர்களின் வீடுகளிலும் படமும் காகிதமும் இருக்கும். 1965-ல் போனவர்களில் இருப்பவர்களுக்கே இப்போது வயது எண்பதை ஒட்டியோ அதைத் தாண்டியோ ஆயிற்று.

அறை தயாரானால் சொல்லுங்கள், பெட்டியை நானே பஸ்ஸில் கொண்டுவருகிறேன். ரசீது மட்டும் கொடுத்தால் போதும், சித்திக்குக் காட்ட வேண்டும்.

– முன்னாள் டி.ஏ. நாயக் ஒருவர்,
கோயம்புத்தூர்.