வரப்பை வெட்டியவரும் மோட்டார் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது ஐரோப்பா கோழையாக நின்றது என்று உங்கள் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். படித்ததும் என் வயல்தான் ஞாபகம் வந்தது.

2023 குறுவையில் பக்கத்து வயல்காரர் வரப்பைச் சீவிச் சீவி ஒரு முழம் என் பக்கம் தள்ளிவிட்டார். மேட்டூர் திறந்தும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் சரியாக வந்து சேரவில்லை, என் பயிர் அவருடைய போர்வெல் மோட்டாரில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. "மாமா, வரப்பு இந்தப் பக்கம் வந்த மாதிரி இருக்கே" என்று கேட்டதோடு சரி. அறுப்பு முடிந்து நெல்லை மூட்டை கட்டிய பிறகுதான் சர்வேயரைக் கூப்பிட்டேன்.

ஜெர்மனி செய்ததும் ஏறக்குறைய இதுதான். 2021-ல் அவர்கள் இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. 2022 ஜனவரியில், எல்லையில் படை குவிந்து நிற்கும்போது, உக்ரைனுக்கு 5,000 தலைக்கவசம் தருகிறோம் என்றார்கள். சரி, அடுப்பு எரிய வேண்டுமே, அதைக்கூட மன்னித்துவிடலாம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். கிரிமியாவை ரஷ்யா பிடித்தது 2014-ல். அடுத்த வருஷமே ஜெர்மன் கம்பெனிகள் ரஷ்யாவோடு சேர்ந்து, அங்கிருந்து கடலடியில் எரிவாயு கொண்டுவரும் நார்டு ஸ்ட்ரீம் 2 குழாய்க்கு ஒப்பந்தம் போட, அரசும் தடுக்காமல் விட்டுவிட்டது. வரப்பை வெட்டியவரிடமே இன்னொரு மோட்டாருக்கு முன்பணம் கொடுத்த கதை. போர் வந்த பிறகு, கப்பலில் வரும் எரிவாயுவை இறக்க வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென் துறைமுகத்தில் ஒரு முனையத்தை 2022 டிசம்பருக்குள் திறந்துவிட்டார்கள். முன்னாலேயே செய்திருக்கலாம்தானே?

நாம் மட்டும் என்ன? கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2022 மார்ச்சில் ஐ.நா. பொதுச் சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது நாம் யாருக்கும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினோம் (ரஷ்யாவிடமிருந்து வாங்கும் ஆயுதமும் அதற்கு ஒரு காரணம்). அப்புறம் தள்ளுபடியில் வாங்க ஆரம்பித்து, நம் இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்கு ரஷ்ய எண்ணெய் ஆனது. நான் பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டுபோகும் டீசல் கேனில் அந்தத் தள்ளுபடி ஒரு சொட்டு விழுந்ததாகத் தெரியவில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் அதைக் காரணம் காட்டி அமெரிக்கா நம் ஏற்றுமதிக்குக் கூடுதலாகப் போட்ட 25 சதவீத வரி மட்டும் இறால் பண்ணை வரை வந்துவிட்டது.

நாகை மாவட்டம் நரிமணத்தில் எண்ணெய் இருக்கிறதே என்பார்கள். நாட்டின் தேவைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதற்காக வயலைத் தோண்டக் கூடாது என்று 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் போராட்டத்தில் போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

கடைசியில் சர்வேயர் கல் நட்டு, வரப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மாமா பேசுவதில்லை, மோட்டார் தண்ணீரும் இல்லை. சோலார் பம்ப்செட்டுக்கு இப்போதுதான் மனுப் போட்டிருக்கிறேன். அவர் முதல் மண்வெட்டியைப் போட்ட அன்றைக்கே போட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
திருவாரூர் மாவட்டம்