பைப்பில் இடம் இருக்கிறதாமே

அன்புள்ள கயலுக்கு,

எலக்ட்ரிக் கார் சார்ஜர் லைன் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே "சரிப்பா, எலக்ட்ரீஷியன் பார்த்துப்பார்" என்று போனை வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

டிபியிலிருந்து (எல்லா லைனும் பிரியும் மெயின் பெட்டி) வாசல் பக்கம் வரும் 32 எம்எம் பைப்பில் ஏற்கெனவே இரண்டு ஏசி லைன், ஒரு கீசர் லைன் போகின்றன. சார்ஜர் லைனையும் அதிலேயே இழுத்துவிட்டால் சுவரை உடைக்க வேண்டாம், இடம் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறாராம். இடம் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் ஓடினால் ஒயர் சுடும். அந்தச் சூடு பைப்பையும் சுவரையும் தாண்டி வெளியே போயாக வேண்டும். நாலு லைன் ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் சூடு இன்னொன்றின் மேல் ஏறும். பிவிசி ஒயர் தாங்குவது 70 டிகிரி. எஃப்ஆர் ஒயர்தான் போடுகிறோம் என்பார்கள். அது தீ பரவாமல் இருக்க. சூடு தாங்குவதில் அதற்கும் அதே 70 தான்.

கணக்கைப் பார். 6 ஸ்கொயர் (6 சதுர மில்லிமீட்டர் செம்பு) ஒயர் பைப்பில் தனியாகப் போனால், சுற்றுச் சூடு 30 டிகிரி என்று வைத்து, 41 ஆம்பியர் தாங்கும். பைப்பில் இரண்டு சர்க்யூட், அதாவது இரண்டு லைன், ஆனால் 0.80ஆல் பெருக்க வேண்டும், மூன்றானால் 0.70, நாலானால் 0.65. ஐஇசி என்ற சர்வதேச மின் தர அமைப்பின் அட்டவணையில் இருப்பதுதான். எர்த் ஒயரை எண்ண வேண்டாம், அதில் கரண்ட் ஓடுவதில்லை. உங்கள் பைப்பில் நாலு, அதனால் 26 ஆம்பியர் சொச்சம். திருச்சி மே மாதத்துக்கு 40 டிகிரி என்று வைத்தால் இன்னொரு 0.87. கடைசியில் நிற்பது 23 ஆம்பியர். 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில்.

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடாதா என்று மாப்பிள்ளை கேட்பார். 32 ஆம்பியர் எம்சிபிக்குத் தன் வழியாகப் போகும் கரண்ட் மட்டும்தான் தெரியும். பக்கத்து ஒயர் எவ்வளவு சுடுகிறது என்பது அதற்குத் தெரியாது. அது விழாது, ஒயர் வெந்துகொண்டே இருக்கும்.

இப்படி வெந்த ஒயர்களை ரீவயரிங் வேலையில் எத்தனையோ உருவியிருக்கிறேன். ஸ்விட்ச் பாக்ஸில் தெரியும் முனை புதிதுபோல் வளையும். நடுப்பகுதி மட்டும் குச்சிபோல் விறைத்து, ஒன்றோடொன்று ஒட்டி வரும். விரலால் மடக்கினால் தோல் உதிர்ந்து செம்பு தெரியும். முனையைப் பார்த்துவிட்டு "ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரை நம்பாதே.

கீசர் பெரிய தொல்லை இல்லை, அரை மணியில் அணைத்துவிடுவீர்கள். ஏசி ராத்திரி முழுக்க ஓடும், காரும் ராத்திரிதான் சார்ஜ் ஏறும். பழைய ஏசி லைன்கள் 2.5 ஸ்கொயர், தடித்த ஒயர் பக்கத்தில் சுடும்போது முதலில் அடிபடுவது மெல்லியதுதான்.

ஒயரைப் பெரிதாக்கினால் போதாதா என்றால், 10 ஸ்கொயர் (தனியாக 57 ஆம்பியர்) போட்டாலும் அந்தப் பைப்பில் மயிரிழையில் 32ஐத் தாண்டும், அவ்வளவுதான். விலையும் கூடுதல். இழுப்பதும் பாடு. தனிப் பைப்பை வெளிச்சுவர் மேல் கிளாம்ப் அடித்துக் கொண்டுபோனால் 6 ஸ்கொயரே போதும்: 41ஐ 0.87ஆல் பெருக்கினால் 35 ஆம்பியருக்கு மேல் வருகிறது. மேற்குச் சுவர் வேண்டாம், வெயில் நேராக அடிக்கும். வடக்குப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவரட்டும். நாலு அடி ஒயர் கூடினால் கூடட்டும். சுவரில் பைப் தெரிந்தால் அசிங்கமாக இருக்கும் என்பாய். பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்மா.

ஈபி லோடு கூட்ட வேண்டியிருக்கும், மாப்பிள்ளை பில்லில் பார்க்கட்டும். டிபி கதவைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பு, எம்சிபி மேலே உள்ள எண் தெரிகிற மாதிரி. வேலைக்கு ஆள் வரும் நாளைச் சொன்னால் முந்தின நாளே பஸ் ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா