அணிலுக்கு மூன்று கோடு வேண்டும்: குழந்தை நூல்களைத் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பொது நூலகங்களுக்குக் குழந்தை நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். காங்கேயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளையும், தேங்காய்க் களத்திலும் அரிசி ஆலையிலும் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். மூன்று வயதுக்காரியும் வருவாள், நாலாம் வகுப்புக்காரனும் வருவான். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிற அக்காக்களும் உண்டு. இதற்குச் சம்பளம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. எனக்குப் பிடித்திருக்கிறது, செய்கிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை நூலகங்களுக்குக் குழந்தைப் புத்தகம் வாங்கும்போது, பிள்ளைகள் தினமும் பார்க்கிற பிராணிகள் வருகிற படப்புத்தகங்களையும், அவர்கள் வீட்டிலும் தெருவிலும் நடப்பதைப் பாடுகிற பாட்டுப் புத்தகங்களையும் தாராளமாக வாங்குங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி இல்லை என்பதற்காக எதையும் தள்ளிவிடாதீர்கள்.

அணிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். தமிழ்ப் பிள்ளை புத்தகத்தில் பார்க்கிற முதல் பிராணியே அதுதானே. ‘அ’வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் எத்தனை புத்தகங்களில் அது நம் ஊர் அணிலாக இருக்கிறது? செம்பட்டை நிறம், முதுகுக்கு மேலே வளைந்து நிற்கும் புசுபுசு வால், கையில் நாம் கண்ணால் கண்டிராத ஏதோ ஒரு கொட்டை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய சீமை அணில் அது. அப்படி ஒரு பக்கத்தைத் திருப்பியபோது ஒரு சிறுமி கேட்டாள்: “ஏனுங் மிஸ், இதை மட்டும் ராமரு தடவலீங்களா?” மூன்று கோடு இல்லாத அணிலை அவள் பார்த்ததே இல்லை. ஓவியர் வாசலுக்கு வந்து வேப்ப மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இது சின்ன விஷயம் என்று உங்களில் யாராவது நினைக்கலாம். படப்புத்தகத்தில் சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் படம்தான் புத்தகம். நாம் வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போது அது படத்தைப் படித்துக்கொண்டிருக்கும். மூலையில் ஊர்கிற எறும்பு, ஓட்டின் மேல் கிடக்கிற பழைய செருப்பு, எருமை முதுகில் ஏறி நிற்கிற உண்ணிக்கொக்கு என்று நாம் தாண்டிப் போனதையெல்லாம் விரல் வைத்துக் காட்டும். அந்த விரல் போகிற இடத்தில் வரைந்தவர் பொய் சொல்லியிருந்தால் உடனே பிடிபடும்.

பசு வருகிற புத்தகம் ஒன்று வாசித்தோம். வெள்ளைப் பசு, அதே வெள்ளையில் ஒரு கன்று. அப்புச்சி வீட்டில் பட்டி மாடுகளோடு வளர்கிற ஒரு பையன் பக்கத்தைத் திருப்பவே விடவில்லை. “கன்னுக்குட்டி இப்படி இருக்காதுங்க. பொறந்தப்ப செவலையா இருக்கும். அப்புறம்தான் மயிலையாகும்.” காங்கேயம் மாட்டைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரிதான். கன்று செம்பழுப்பாகப் பிறக்கும், ஆறு மாதம் போல ஆனதும் சாம்பல் நிறத்துக்கு மாறும், காளையாக இருந்தால் பிற்பாடு திமிலிலும் தொடையிலும் கருமை ஏறும். உடனே இன்னொருத்தி, “எங்கூட்டுது கருப்பும் வெள்ளையுமா இருக்குது, அது மாடு இல்லையா?” என்று சண்டைக்கு வந்தாள். அவள் வீட்டில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள், கலப்பின மாடு. அதுவும் மாடுதான். ஒடிசாவிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளியின் மகன் ஒருவன், பேச்சு முழுக்கப் புரியாவிட்டாலும், படத்துப் பசுவின் கழுத்தில் மணி இல்லை என்பதைச் சைகையிலேயே கண்டுபிடித்துச் சொன்னான். கொறங்காட்டில், அதாவது எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் மாட்டை விட்டுவிட்டால் சாயங்காலம் வரை யாரும் பார்க்கத் தேவையில்லை என்பது வரை பேச்சு போனது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அது என்ன என்று அப்புறம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இதைத்தான் நான் படப்புத்தக இன்பம் என்கிறேன். தெரிந்த பிராணி என்றால் பிள்ளைக்கு அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். அவன் புத்தகத்தோடு வாதாடலாம், எழுதியவரைத் திருத்தலாம். பென்குயின் பக்கத்தில் அவன் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்க முடியும். பென்குயினும் வரிக்குதிரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டகச்சிவிங்கி என்றால் எங்கள் கூட்டமே எழுந்து நின்று கழுத்தை நீட்டும். ஆனால் அலமாரி முழுக்க அவையே இருந்தால், புத்தகம் என்பது வேறு யாருடைய ஊரிலோ நடப்பது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

எருமையை ஏன் யாரும் வரைவதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. வந்தாலும் எமனுக்கு வாகனமாக வரும், இல்லையென்றால் சோம்பேறிக்கு உதாரணமாக வரும். குட்டையில் மூக்கு மட்டும் தெரிய முங்கிக் கிடக்கிற எருமையைப் போல் படத்துக்கு வாய்ப்பான பிராணி வேறு எது? காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கருப்பாகப் பூசிவிடுகிறார்கள். வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் காக்காய்க்குக் கழுத்துச் சாம்பல் நிறம், பிள்ளைகளுக்கு அது தெரியும். குயில் என்றால் ஆண் குயிலை மட்டும் வரைகிறார்கள். பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயிலைப் படத்தில் கண்டால், “இது என்ன பறவை?” என்று பெரியவர்களே கேட்கும் நிலை. அது காக்காய்க் கூட்டில் முட்டையிட்டுவிட்டு நழுவுகிற கதையைவிடத் திருட்டுச் சுவாரசியம் உள்ள கதை வேண்டுமா? சாயங்காலம் டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பூச்சி பிடிக்கிற பல்லியைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். நம் புத்தகங்களிலோ பல்லிக்குப் பலன்தான் உண்டு, கதை இல்லை. சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம் என்று நாய்க்கு இத்தனை சாதி இருக்கிற நாட்டில், படப்புத்தக நாய் ஏன் எப்போதும் காது மடிந்த வெளிநாட்டுக் குட்டியாகவே இருக்கிறது?

இனி நீதி. “இக்கதையால் நாம் அறிவது” என்று ஒரு பெட்டி போட்ட பக்கம் வரும். அதற்குக் கீழே ஐந்து கேள்விகள். நான் அந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை, கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மூடிவிடுவேன். அங்கே வந்ததும் பிள்ளைகளின் முகம் பரீட்சை முகமாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிராணியை எடுத்தாலே எறும்பு உழைக்க வேண்டும், நரி ஏமாற்ற வேண்டும், ஆமை ஜெயிக்க வேண்டும் என்று ஒரு கட்டாயம் இருக்கிறது. எறும்பு சும்மா சர்க்கரை தேடிப் போகக்கூடாதா?

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் பசுவும் கன்றும் பாட்டை நினைத்துப் பாருங்கள். பசு மேய்கிறது, கன்று துள்ளுகிறது, பசு கூப்பிட்டதும் ஓடி வருகிறது, பசு நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது. அவ்வளவுதான். ஒரு புத்திமதி கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வாயில் இருப்பதும் அதுதான். இன்றைக்கு அப்படி ஒரு பாட்டை யாராவது புதிதாக எழுதி அனுப்பினால் உங்கள் மேசையில் தேறுமா? ‘கருத்து இல்லை’ என்று யாராவது குறிப்பு எழுதிவிடுவார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அன்றாடப் பாட்டுகள் விஷயத்தில் பஞ்சம் இன்னும் அதிகம். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு எழுதிய அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளில் தின வாழ்க்கை இருந்தது. இப்போது வருகிற பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் மரம் நடு, நேரம் தவறாதே, பெரியோரைப் போற்று. எல்லாம் நல்ல சமாச்சாரம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பிள்ளையின் ஒரு நாளில் வேறு என்னென்னவோ நடக்கிறது. அம்மா மில் வேனுக்கு ஓடுகிறாள். கரண்ட் போகிறது. இட்லித் துணியை உரிக்கும்போது ஒரு இட்லி பிய்ந்து போகிறது, அந்தப் பிய்ந்த இட்லி யாருக்கு என்று சண்டை. பக்கத்துத் தெருவில் தறி ஓடுகிற சத்தம். களத்தில் காய்கிற கொப்பரையைக் காக்காய் கொத்திக்கொண்டு போகிறது. இதெல்லாம் பாட்டில்லையா?

எங்கள் பிள்ளைகளும் நானும் சேர்ந்து கட்டியது இது. பெரிய இலக்கியம் என்று சொல்லமாட்டேன்:

தண்ணி வருமுன் பைப்பு பாடும்
புஸ்ஸு புஸ்ஸு காத்து
குடத்தை வச்சு ஆயா நிப்பா
குழாய் வாயைப் பாத்து

‘புஸ்ஸு புஸ்ஸு’ வருகிற இடத்தில் மூன்று வயதுக்காரிகூடக் கன்னத்தை உப்பிக்கொள்வாள். குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று வருவது அவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சத்தம். அது ஒரு பாட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. “மறுக்கா, மறுக்கா” என்று என் தொண்டை கட்டும் வரை விடவில்லை.

சரி, இதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? முதலாவது விலை. படப்புத்தகம் என்றால் பெரும்பாலும் இருபத்துநாலு பக்கம், முப்பத்திரண்டு பக்கம். பக்கத்தை எண்ணி விலை போடுகிற கணக்கில் அது எப்போதும் தோற்றுப் போகும். நாலு வண்ண அச்சும் கெட்டித் தாளும் ஓவியருக்குக் கொடுக்கிற கூலியும் பக்க எண்ணிக்கையில் தெரியாது. முந்நூறு பக்க நீதிக்கதைத் திரட்டு மலிவாகத் தெரியும், வாங்கிவிடுவோம், அதை யாரும் எடுக்கமாட்டார்கள். மெல்லிய படப்புத்தகத்தை ஒரு பிள்ளை ஒரே மதியத்தில் ஏழெட்டுத் தடவை புரட்டும். எது மலிவு?

அப்புறம், கதைக்கு ஆள் தேடுவது போல ஓவியத்துக்கும் ஆள் தேடுங்கள். தேர்வுக் குழுவில் எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் இருப்பது வழக்கம். படம் பார்க்கத் தெரிந்த ஒருவரும், பறவை பிராணி தெரிந்த ஒருவரும் கூட உட்கார்ந்தால் கோடில்லாத அணில் அங்கேயே நின்றுவிடும். முடிந்தால் நாலைந்து பிள்ளைகளிடமும் ஒரு மதியம் காட்டிப் பாருங்கள். அவர்கள் தயவு தாட்சணியம் பார்ப்பதில்லை.

பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. கனமில்லாத புத்தகம், பிள்ளை கைக்கு அடக்கமான புத்தகம். அதே துறையின் கீழ் இருக்கும் நூலகங்களில் அந்தச் சுறுசுறுப்பு ஏன் கிளை வரைக்கும் வரக்கூடாது? சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பகுதி இருக்கிறது. அருமைதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் இருப்பது ஊர்ப்புற நூலகம்.

அங்கே என்ன நிலைமை என்றும் சொல்ல வேண்டும். நான் போய் வந்த ஒரு நூலகத்தில் நல்ல படப்புத்தகங்கள் இருந்தன, பீரோவுக்குள். பூட்டு. கேட்டால், “கிழிச்சிருவாங்கம்மா” என்றார் நூலகர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கணக்கு ஒப்படைக்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். குழந்தைப் புத்தகம் கிழியத்தான் செய்யும், இத்தனை வருடத்தில் இத்தனை கழித்துவிடலாம் என்று மேலிருந்து எழுத்தில் ஒரு வார்த்தை வந்தால் அந்தப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். திறந்த பிறகும் முதுகு தெரிய அடுக்கினால் பிரயோசனம் இல்லை. அந்தப் புத்தகங்களுக்கு முதுகே கிடையாது, இரண்டு பின் அடித்த தாள்கள். அட்டை முகம் தெரிய, ஐந்து வயதுக் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு கம்பிச் சட்டமோ கயிறும் கிளிப்புமோ போதும்.

சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பாடுபட்ட சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் என்று 1931லேயே எழுதி வைத்துவிட்டார். வாசகருக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி நாங்களும் கட்டுகிறோம். அந்தப் பைசாவில் ஒரு பங்கு மூன்று வயதுக்காரிக்கும் உரியது.

உங்கள் அடுத்த பட்டியல் வெளியானதும் குழந்தைகள் பகுதியை முதலில் பார்ப்பேன். எருமைக்கு ஒரு புத்தகம், பல்லிக்கு ஒரு புத்தகம், குழாயடிக்கும் இட்லிக்கும் கரண்டு போவதற்கும் ஒரு பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் நன்றி சொல்லி எழுதுகிறேன், இல்லாவிட்டாலும் எழுதுவேன்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வாசிப்பவள்

பி.கு.: கிழிந்த பக்கத்தை ஒட்ட செல்லோ டேப் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். அதற்குத் தனியாக ஆணை எதுவும் வேண்டாம்.