உன் மகளுக்கு எந்த நொதி?

சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் முதுகலை ஆய்வில் சேர்ந்தது பெரிய சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். நம் தோட்டத்தில் மிச்சமிருந்த ரப்பர் மரங்களும் போய் இப்போது முழுக்கச் செம்பனைதான்.

சரி, அவள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்த புரதத்தைப் பிரித்தெடுக்க, நிக்கலில் ஒட்டிக்கொள்ளும் ஹிஸ்டிடின் வால் (ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் சிறு சங்கிலி) ஒட்டியிருக்கிறாள். இனி அதை வெட்டி நீக்க வேண்டும். குளிர்பெட்டியில் திராம்பின் என்ற வெட்டும் நொதி இருக்கிறது, அதுவே போதுமா என்கிறாள். என்னைக் கேட்டால், புரதத்தை வெட்டும் இன்னொரு நொதியான டி.இ.வி. புரோட்டியேஸ்தான். புகையிலையைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி அது. ஏழு அமினோ அமிலங்கள் குறித்த வரிசையில் நின்றால்தான் வெட்டும். அதுவும் ஆறாவதாக நிற்கும் குளூட்டமினுக்கு அடுத்து. உன் அப்பா மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுவாரே, அந்த நிதானம் இதற்கு உண்டு. திராம்பின் ரத்தத்தை உறைய வைக்கும் நொதி; நமக்கு வேண்டாத இடத்திலும் சில சமயம் வெட்டிவிடும். மாதக்கணக்கில் பாடுபட்டு எடுத்த புரதம் துண்டானால் பிள்ளை மனசு என்ன ஆகும்?

விலைக்குப் பயப்பட வேண்டாம், அவளே தயாரிக்கலாம். இயற்கையான டி.இ.வி. தன்னையே வெட்டிக்கொண்டு வலுவிழக்கும். 219ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தை வேலின் என்ற வேறொன்றாக மாற்றினால் அந்தத் தொல்லை தீரும் என்று 2001இல் காட்டினார்கள். அந்த மாற்றத்தோடு பி.ஆர்.கே.793 என்ற பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் டி.என்.ஏ. வளையம்) ஆட்ஜீன் என்ற பிளாஸ்மிட் சேமிப்பகத்தில் கிடைக்கிறது. தனியாக வளர்த்தால் நன்றாகக் கரையாத நொதி என்பதால், மால்டோஸைப் பிடிக்கும் புரதம் ஒன்றோடு இணைத்திருக்கிறார்கள். அது பாக்டீரியாவுக்குள்ளேயே தானாகக் கழன்றுவிடும். ஒருமுறை நிறைய எடுத்து, கிளிசராலில் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து -80 டிகிரியில் வைத்தால் நீண்ட நாள் வரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம். நொதிக்கும் ஹிஸ்டிடின் வால் இருப்பதால், வெட்டி முடிந்த கலவையை மறுபடியும் நிக்கல் பிசின் வழியே விட்டால் போதும். நொதி, வெட்டுப்பட்ட வால், வெட்டுப்படாத புரதம் மூன்றும் அங்கே ஒட்டிக்கொள்ளும். அவள் புரதம் மட்டும் கீழே இறங்கும். முப்பது டிகிரியில் வேகமாக வெட்டும், ஆனால் அவள் புரதம் மென்மையானது என்றால் நான்கு டிகிரியில் இரவு முழுக்க விடட்டும். சிஸ்டீனால் வேலை செய்யும் நொதி, அந்த சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கும் டி.டி.டி. என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் சேர்க்க மறக்க வேண்டாம்.

அப்புறம், செல்களைத் தட்டிலிருந்து பெயர்க்க டிரிப்சின் என்ற நொதி வேண்டியிருந்தால் நுண்ணுயிரில் உற்பத்தியானதையே கேட்கட்டும். வழக்கமான டிரிப்சின் பன்றிக் கணையத்திலிருந்து வருவது. நம் நாட்டில் பன்றிப் பொருளைத் தொடத் தயங்கும் தோழிகள் அவளோடு வேலை செய்வார்கள், அவர்கள் மனசும் முக்கியம். பன்றி வைரஸ் கூடவே வரும் கவலையும் இருக்காது. 2010இல் ஒரு ரோட்டா வைரஸ் தடுப்பூசியில் பன்றி வைரஸின் மரபணுத் துணுக்கு தென்பட்டபோது டிரிப்சின்மீதுதான் சந்தேகம் விழுந்தது.

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அவளையும் கூட்டி வா. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படம் கையில் இருந்தால் கொண்டுவரச் சொல், உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் தோழன்